நதிநீரை ஆராய்ந்த அறிஞர் எட்வர்ட் பிராங்க்லண்ட்

ஓடும் நீர் தன்னைத் தானே சுத்தி செய்துகொள்ளும் என்பது மக்கள் நெடுங்காலமாய்க் கொண்டுள்ள நம்பிக்கை. அஃது எவ்வளவு மெய் என்பதை அளந்து காட்டிய பேரறிஞர் ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

எட்வர்ட் பிராங்க்லண்ட் 1825-ம் ஆண்டு இங்கிலாந்தில் லங்காஷயரில் பிறந்தார். இளமையில் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பயின்றார். 1845-ல் லண்டன் சென்று இரசாயனம் கற்று, பின்னர் ஜெர்மனியில் புன்ஸன் என்னும் ஆசிரியரிடம் பயின்று 1849-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1851-ல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கலாசாலையின் முதல் இரசாயனப் பேராசிரியரானார். அணுக்களின் கூடும் ஆற்றலுக்கு ஓர் எல்லையுண்டு என்று 1852-ல் அவர் வெளியிட்ட கொள்கை, அச்சாஸ்திரத்திற்கே அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

அக்காலத்தே ஆலைகளும் நகரங்களும் பெருகி, அவற்றின் கழிவுநீர் முழுதும் நதிகளிற் கலந்தது. பத்துப் பன்னிரண்டு மைல் ஓடினால் அழுக்கனைத்தும் நீங்கிவிடும் என்று கூறி நகரத்தார் கவலையற்றிருந்தனர். கீழூரார் அந்நீரையே பருகினர். 1868-ல் அரசாங்கத்தார் நியமித்த நதி அசுத்த விசாரணைக் குழுவில் பிராங்க்லண்ட் ஓர் அங்கத்தினரானார். அவர் மாசடைந்த நதிகளின் நீரைப் பல இடங்களில் எடுத்துச் சோதித்தார். கழிவுநீரை நல்ல நீரிற் கலந்து காற்றுப்படச் செய்தும் அளந்தார். இருபது மடங்கு நீரிற் கலந்த கழிவு, மணிக்கு ஒரு மைலாக ஒரு வாரம், அதாவது 168 மைல், ஓடினாலும் மூன்றில் இரு பங்களவே அழியும் என்று கணக்கிட்டார். தம் நாட்டில் அதற்குப் போதிய நீளமுள்ள நதி ஒன்றேனும் இல்லையென முடிவு கூறினார். 1876-ல் நதிகளின் அசுத்தத் தடைச் சட்டம் பிறந்தது.

குறை கூறியதோடு அவர் நின்றாரில்லை. கழிவுநீரை மண்ணின்மீது விட்டுவிட்டுப் பாய்ச்சி, இடையிடையே மண் காற்றை உட்கொள்ள விடுவதே தக்க வழியென்று காட்டினார். ஆனால் அதனை அவர் பெரும்பாலும் இரசாயனச் செயலாகவே கருதினார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே அம்மாறுதலைச் செய்கின்றன என்பதை ஷ்லோஸிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1877-ல் மெய்ப்பித்தனர்.

நதியிலும் அந்நுண்ணுயிர்களே அழுக்கை உண்கின்றன. உண்ணுங்கால் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. அலையும் அருவியும் காற்றிலிருந்து அவ்வாயுவை மீட்டுத் தருகின்றன. வெயிலில் பாசியும் தருகின்றது. செலவு வரவினும் மிகுமாயின் வாயு அற்றுப்போகும், மீன்கள் மாயும், நீர் நாறும். இவ்வரவு செலவை ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் இருவரும் ஒஹாயோ நதியை ஆராய்ந்து 1925-ல் கணித வாய்பாடாக அமைத்தனர்.

1897-ல் ஸர் பட்டம் பெற்ற பிராங்க்லண்ட், 1899-ல் நார்வே நாட்டிற் காலமானார். நதிக்குப் பொறுமையுண்டு, அப்பொறுமைக்கு எல்லையுமுண்டு. மேலூரார் கழித்ததைக் கீழூரார் குடிக்க நேரும் என்பதை மறவாதிருத்தலே அப்பெரியாரிடம் நாம் கற்கும் பாடமாகும்.