கழுதைக்குக் கோயில் எழுப்பிய ஊர்: யார் இந்த இயக்குநர் ஜான் ஆபிரகாம்?

ஜான் ஆபிரகாம் என்று தேடினால், கட்டுமஸ்தான உடம்போடு ஒரு பாலிவுட் நடிகர்தான் முதலில் வந்து நிற்பார். அவர் வேறு, இவர் வேறு. இவர் 1937-ல் கேரளத்தில் பிறந்து, 1987-ல் 49 வயதிலேயே போய்ச் சேர்ந்த இயக்குநர். எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தமே நாலு. அதில் ஒன்று தமிழ்: 'அக்ரஹாரத்தில் கழுதை'. பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்கள் அதிகம் உள்ள படம் இது.

எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர் ஜான். அங்கே அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் ரித்விக் கட்டக். படித்து முடித்ததும் மணி கௌலிடம் 'உஸ்கி ரோட்டி' படத்தில் உதவியாளராக இருந்தார். 1972-ல் மலையாளத்தில் முதல் படம் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே'. அதற்கு இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன். இந்த நட்புதான் பின்னால் தமிழ்ப் படத்துக்குக் கைகொடுத்தது.

குன்றத்தூரில் ஒரு கழுதை

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. எழுபதுகளில் அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 1977-ல் ஜான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தது அங்கேதான். கையில் பெரிய பணம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, படமும் கறுப்பு வெள்ளை. திரைக்கதை எழுதியவர் இலக்கிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. கதாநாயகன் யார் தெரியுமா? இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனேதான்! இசையும் அவரே.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைக் கல்லூரிப் பேராசிரியர் நாராயணசாமி எடுத்து வளர்க்கிறார். நகரத்தில் எல்லோரும் கேலி செய்ய, அதைத் தன் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே வாய் பேச முடியாத உமா என்ற பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் நடக்கிற கெட்டதுக்கெல்லாம் கழுதைமேல் பழி விழுகிறது. இறந்து பிறந்த குழந்தை ஒன்று கோயில் அருகே கிடக்க, அதுவும் கழுதையால் வந்த வினை என்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். அப்புறம்தான் வேடிக்கை. ஊரில் சில நல்லது நடக்க, எல்லாம் கழுதையின் மகிமை என்று சொல்லி, கொன்றவர்களே அதற்குக் கோயில் எழுப்பக் கிளம்புகிறார்கள்!

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோனின் 1966-ம் ஆண்டுப் படத்திலும் ஒரு கழுதைதான் மையம். அதன் தாக்கம் ஜானிடம் உண்டு. ஆனால் அடித்துக் கொன்றுவிட்டுக் கும்பிடுகிற அந்தத் திருப்பம் நம்ம ஊர்ச் சரக்கு.

விருது வந்தது, ஆள் வரவில்லை

25-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் இதுதான். அதே விருது வரிசையில்தான் '16 வயதினிலே' பாட்டுக்காக எஸ். ஜானகிக்குச் சிறந்த பாடகி விருது கிடைத்தது. ஸ்டூடியோவை விட்டுக் கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன படம் என்று '16 வயதினிலே'யை இன்றும் கொண்டாடுகிறோம், தப்பில்லை. அதே வருஷம் கிராமத்துக்குப் போன இன்னொரு கேமராவைத்தான் தமிழ்நாடு கண்டுகொள்ளவில்லை. எதிர்ப்பு ஒருபக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய அடி, பத்திரிகைகளின் மௌனம். தியேட்டர்களில் முறையான ஓட்டமே இல்லை. பிற்பாடு தூர்தர்ஷனும் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. ஃபிலிம் சொசைட்டிகள்தான் படத்தை உயிரோடு வைத்திருந்தன.

ஆக, படம் எடுப்பது பாதி வேலைதான். காட்டுவதற்கான வழி வேறு யார் கையிலோ இருந்தால், அரசு விருதுகூட உதவாது.

1984-ல் கோழிக்கோட்டில் ஜானும் நண்பர்களும் தொடங்கிய 'ஒடேஸா' இயக்கம் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். ஐஸன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தில் வரும் ஊரின் பெயர் அது. தயாரிப்பாளரைத் தேடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பறை அடித்தார்கள், தெருநாடகம் போட்டார்கள், துண்டு விரித்துக் காசு சேர்த்தார்கள். இன்றைக்கு 'க்ரவுட் ஃபண்டிங்' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அதேதான். இணையம் மட்டும் இல்லை. அப்படி உருவான படம் 'அம்ம அறியான்' (1986). காசு கொடுத்த ஊர்களுக்கே படப்பெட்டி திரும்பிப் போனது, டிக்கெட் இல்லாமல்.

வயநாட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் ஓர் இளைஞனின் உடலைப் பார்க்கும் புருஷன் என்பவன், இறந்தவனின் அம்மாவுக்குச் சேதி சொல்லக் கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியெல்லாம் நண்பர்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். படம் எடுத்த விதமும் அதுவேதான். ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதும், ஒளிப்பதிவாளர் வேணுவுக்குத் தேசிய விருதும் கிடைத்தன. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தலைசிறந்த பத்து இந்தியப் படங்கள் பட்டியலிலும் இது இடம்பிடித்தது.

அடுத்த வருஷமே, மே 30 இரவு, கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்தார் ஜான். மறுநாள் இறந்தார்.

அதன்பிறகு வளர்ந்தது படங்களின் புகழைவிட ஆளின் புராணம். தாடி, குடி, காசில்லாத நாடோடி வாழ்க்கை என்று கேரளத்தில் ஆளாளுக்கு ஒரு ஜான் கதை வைத்திருக்கிறார்கள். கழுதைக்கு எடுத்த அதே கோயில் வேலை இவருக்கும் நடந்துவிட்டது என்றுகூடத் தோன்றும். ஆனால் கூலிக்கு ஆள் வைக்க முடியாத பட்ஜெட்டில் ஒரு கிராமத்துக் கூட்டத்தையே நடிக்க வைத்தது போதையில் நடக்கிற காரியமில்லை. அந்த உழைப்பைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையிலிருந்து தொடங்கலாம். அது தமிழில் புத்தகமாகவே வந்திருக்கிறது.