இராபர்ட் நாய்ஸ் சரித்திரச் சுருக்கம்

காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகள் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகெங்கும் பரவின. அவற்றின் சுற்றுப் பலகைகள் இன்று மூப்பெய்திப் பழுதுறுகின்றன. அவற்றைப் பேணும் ஆர்வலர், கெட்ட நினைவுச் சில்லுகளைக் களைந்து நல்லன பொருத்தி உயிர்ப்பிக்கின்றனர். கடைத்தெருவில் ஐ.சி. என வழங்கும் அச்சில்லினை உலகுக்கு ஈந்தோருள் முன்னிற்பவர் இராபர்ட் நாய்ஸ் என்னும் அமெரிக்கப் பெரியார். அன்னார் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நாய்ஸ் 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆம் தேதி அயோவா மாகாணத்துப் பர்லிங்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ சபை குருவானவர். புதல்வர் நால்வருள் இவர் மூன்றாமவர். குருமார் குடும்பத்துக்கு இயல்பானபடி ஊர் ஊராக மாறி, இறுதியிற் கிரின்னல் என்னும் சிற்றூரிற் குடியமர்ந்தனர். பன்னிரண்டாம் வயதில் இவரும் இவர் தமையனாரும் ஆளேறத்தக்க மிதவை விமானம் ஒன்றைத் தாமே சமைத்து, அவ்வூர்க் கல்லூரி இலாயத்தின் கூரையினின்றும் பறக்க முயன்றனராம்.

அக்கல்லூரி 1846ஆம் ஆண்டில் அச்சபையினரால் நிறுவப்பெற்றது. நாய்ஸ் அங்கே மாணவராயினார். 1948ஆம் ஆண்டில் விருந்தொன்றிற்காக அயலிலிருந்த குடியானவரது பன்றிக்குட்டியைத் திருடிய குற்றத்திற்குள்ளாயினார். வேளாண்மையே உயிராகிய அந்நாட்டிற் கால்நடை திருடுதல் சிறு குறும்பன்று. இவர் அடியோடு நீக்கப்பெற்றிருப்பின் இச்சரித்திரம் இத்துடன் முடிந்திருக்கும். கல்லூரித் தலைவரும் பௌதிக ஆசிரியர் கிராண்ட் கேலும் இவர்பொருட்டு இடைநின்றமையால், ஒரு பருவம் மட்டும் விலக்கப்பெற்று, நியூயார்க் நகரில் ஓர் ஆயுட்காப்பு நிறுவனத்திற் கணக்கு வேலை பார்த்து மீண்டார். மீண்டு வந்த காலத்திற்றான் நற்பேறு வாய்த்தது. அப்பொழுது புதிதாகக் கண்டுபிடிக்கப்பெற்றிருந்த டிரான்சிஸ்டர்கள் இரண்டனைக் கேல் தம் நட்பின் வழியாகப் பெற்றுத் தம் மாணாக்கர்க்குக் காட்டினார். பெரிய சர்வகலாசாலைகள் பலவற்றில் அப்பெயர்தானும் அறியப்படாத காலம் அது. 1949ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற நாய்ஸ், 1953ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையில் ஆராய்ச்சிப் பட்டமும் எய்தினார்.

1956ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டரைக் கண்டோருள் ஒருவராகிய ஷாக்லியிடம் வேலைக்கமர்ந்தார். ஷாக்லி அவ்வாண்டே நோபல் பரிசு பெற்றவர். அறிஞரே ஆயினும் ஆளத் தெரியாதவர். மறுவருடம் நாய்ஸ் உட்பட எண்மர் அவரை விட்டு நீங்கி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

நிற்க. அக்காலத்து மின்னணுக் கருவிகளின் இடர் யாதெனின், டிரான்சிஸ்டர் முதலிய உறுப்புக்களைத் தனித்தனியே செய்து கையாற் கம்பி பிணைத்தலேயாம். உறுப்புப் பெருகப் பிணைப்பும் பெருகும். பிணைப்பொன்று பிசகினும் கருவி கெடும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்து ஜாக் கில்பி 1958ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரே ஜெர்மானியத் துண்டில் உறுப்புக்கள் அனைத்தையும் அமைத்துக் காட்டினார். ஆயினும் அவற்றை இணைத்தவை மேலே நுண்கம்பிகளே. 1959ஆம் ஆண்டு ஜனவரியில் நாய்ஸ் தம் குறிப்பேட்டில் வேறொரு வழி வரைந்தார். உடன் பணிபுரிந்த ஜீன் ஹோர்னி சிலிக்கன் மீது காப்பாக ஆக்ஸைடு படலம் ஒன்றை நிறுத்தும் முறையைக் கண்டிருந்தார்; அப்படலத்தின்மீது அலுமினியத்தைக் கோடுகளாகப் படியச்செய்யின் கம்பியே வேண்டா என்பது நாய்ஸின் கருத்து. இருவருள் யார் முதல்வர் என்னும் வழக்கு 1969ஆம் ஆண்டுவரை நீண்டு, நாய்ஸ் பக்கமே தீர்ந்தது. முதலிற் செய்து காட்டியவர் கில்பியே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயிரக்கணக்கில் அச்சிட்டாற்போல ஆக்கத்தக்க வழியைக் கண்டவர் நாய்ஸ். ஹோர்னியின் பெயரைப் பலர் மறந்தமைதான் எமக்கு வருத்தந் தருவது.

1968ஆம் ஆண்டில் நாய்ஸும் கார்டன் மூரும் இன்டெல் நிறுவனத்தை நிறுவினர். கிரின்னல் கல்லூரியும் அதன் தர்மகர்த்தரும் 3 இலட்சம் டாலர் ஈடுபடுத்திப் பன்மடங்கு பயன்பெற்றனர். பன்றிக்குட்டியின் கடன் தீர்ந்தது போலும்! அக்காலத்துக் கணிப்பொறிகள் காந்த வளையங்களைக் கம்பியாற் கோத்தே நினைவு கொண்டிருந்தன. அதனைச் சில்லிற் கொணர்தலே இன்டெலின் முதல் நோக்கம். 1969ஆம் ஆண்டில் 64 பிட் தாங்கும் சில்லும், 1970ஆம் ஆண்டில் 1,024 பிட் தாங்கும் சில்லும் வெளிவந்தன.

இச்சந்ததியிற் பிறந்தனவே விளையாட்டுப் பொறிகளின் நினைவுச் சில்லுகள். 1978ஆம் ஆண்டில் ஜப்பானிய டைட்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பொறியில் இன்டெலின் 8080 செயலியும், தலைக்கு 4,096 பிட் தாங்கும் சில்லுகள் 16உம் இருந்தன. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட்; ஆதலின் ஒரு சில்லு கெடின் திரையிற் சீரான இடைவெளியிற் கோடுகள் தோன்றும். அச்சில்லுகட்கு மூவகை மின்னழுத்தம் வேண்டும். கழித்தல் 5 வோல்ட் மட்டும் நின்றுபோயினும் ஏனைய அழுத்தம் அவற்றைக் கொல்லும். காரைக்காற் கரையிலுள்ள நமக்கு உப்புக்காற்று உலோகத்தை என்செய்யும் எனச் சொல்ல வேண்டுவதில்லை; சில்லின் கால்களும் அவ்வாறே கறுத்து அரிபடும். பழுது பார்ப்போர் முதலிற் கால்களை உடலருகே வெட்டி, பின்பு சூட்டுக்கோலாற் பற்றாசினை இளக்கி ஒவ்வொன்றாகக் களைவர். முழுச்சில்லையும் ஒருசேர இழுப்பின் பலகையின் செப்புக்கோடு பிய்ந்துவிடும். பின்பு சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து, வெட்டுக்குறி திசைமாறாது புதுச்சில்லைச் செருகுவர். எழுதியழிக்கும் இச்சில்லு வெற்றேடு போன்றது; எதுவும் மாற்றலாம். விளையாட்டே பொறிக்கப்பெற்ற ராம் அல்லாத ரோம் சில்லு கெடின், சிதைந்த சுவடிக்கு வேறு பிரதி தேடுவார்போல, நல்ல பலகையிலிருந்து படியெடுத்தல் வேண்டும்.

பின்னாளில் ஜப்பானியரது போட்டியால், 1985ஆம் ஆண்டில் இன்டெல் தன் முதற்றொழிலாகிய அவ்வகை நினைவுச் சில்லினையே கைவிட்டது. அமெரிக்கச் சில்லுத் தொழிலை மீட்க நிறுவப்பெற்ற செமடெக் என்னும் கூட்டமைப்பின் தலைமையை நாய்ஸ் 1988ஆம் ஆண்டில் ஏற்று ஆஸ்டின் நகர் சென்றார். ஓய்ந்திருக்கத்தக்க வயதிலும் செல்வத்திலும் அச்சுமையை ஏற்றமை எம் நோக்கில் அவர் செயல்களுட் பெரிது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் தேதி, காலையில் நீந்தியபின் மாரடைப்பால் மறைந்தார்; வயது 62.

2000ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த சுற்றுக்காகக் கில்பிக்கு நோபல் பரிசு கிட்டியது. இறந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. நாய்ஸ் உயிரோடிருப்பின் தம்முடன் பகிர்ந்திருப்பார் என்று கில்பியே உரைத்தனர். கிரின்னல் கல்லூரியின் விஞ்ஞானக் கட்டடம் இன்று நாய்ஸ் பெயரால் வழங்குகின்றது.