17 வருஷம் கழித்துத் திரும்பி வந்த மூளைக்கட்டி!

மூளைக்கட்டி புற்றுநோய் வகை இல்லைன்னு தெரிஞ்சாலே பாதி உயிர் திரும்பி வந்துடும். ஆனா, கதை அதோடு முடியாமலும் போகலாம்.

அமெரிக்காவின் லியோனார்டு வுட், டாக்டருக்குப் படித்துவிட்டு ராணுவ ஜெனரலானவர். அவருடைய மூளை உறையில் வளர்ந்திருந்த மெனிஞ்சியோமா கட்டியை, 1910-ல் டாக்டர் ஹார்வி குஷிங் அகற்றினார். அதே வருஷம் வுட் ராணுவத் தலைமைத் தளபதி! 1920-ல் அதிபர் வேட்பாளர் ரேஸிலும் இறங்கினார். பிறகு, பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல். இதற்கிடையே கட்டி மறுபடி வளர, இடது கால் இழுக்க ஆரம்பித்தது. 1927-ல் பாஸ்டனில் அதே குஷிங் மீண்டும் ஆபரேஷன் செய்தார். 66 வயது வுட் பிழைக்கவில்லை.

உறையிலோ எலும்பிலோ ஒட்டியிருக்கும் துளி செல்கள்கூட மெள்ள வளரும். வுட் காலத்தில் ஸ்கேன் கிடையாது. இன்றைக்கு இருக்கிறது. ஆபரேஷன் முடிஞ்சாலும் டாக்டர் சொல்ற எம்.ஆர்.ஐ செக்கப்பைத் தள்ளிப்போடாதீங்க!