ஐடா அம்மையாரின் வரவு செலவு

நம் பக்கத்தில் யாருக்கேனும் தீராத நோய் கண்டால் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்வது வழக்கம். அந்த மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் தொண்டு உள்ளத்தைப் பலரும் அறிவர். பணத்தோடு அவர் பட்ட பாட்டையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

1870-இல் இராணிப்பேட்டையில் ஓர் அமெரிக்க மிஷன் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இந்நாட்டில் தங்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. திண்டிவனத்தில் ஓரிரவு, பிரசவ வேதனையில் துடித்த மனைவியருக்கு உதவி வேண்டி மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர்தாம். ஆயினும் ஆடவர் தொட்டுப் பார்க்க அவர்கள் இசையவில்லை. மருத்துவம் கல்லாத ஐடா என் செய்வார்? பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்றார் ஐடா. நம் புனேயில் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி இளவயதில் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும், இந்நாட்டில் பெண் மருத்துவர் அரியவராகவே இருந்த காலம் அது.

நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பார் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அதைக்கொண்டு 1902-இல் வேலூரில் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. ஒரு கருவிக்கு மும்முறை மனுப்போட்டுக் காத்திருக்கும் ஆய்வுக்கூட மாணவர்க்கு இது கனவாகத் தோன்றும்! ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு. மருத்துவர் சம்பளம் ஆண்டுதோறும் வருவது. வெளிநாட்டு மருத்துவரையே எத்தனை நாள் வரவழைப்பது? இங்குள்ள பெண்களையே மருத்துவராக்க 1918-இல் பள்ளி தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்று சிலர் எண்ண, 151 பேர் விண்ணப்பித்தனர். அமெரிக்கப் பெண்கள் திரட்டிய நிதி கைகொடுத்தது.

இடி 1938-இல் விழுந்தது. எல்.எம்.பி. படிப்பு இனி வேண்டாம், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர்ந்தாலன்றி மாணவியரைச் சேர்த்தல் ஆகாது என்று சென்னை அரசு முடிவு செய்தது. தரம் உயரவேண்டும் என்னும் அரசின் நோக்கம் தவறன்று. ஆனால் கூடுதல் படுக்கைகள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், புதிய ஆய்வுக்கூடங்கள் அனைத்துக்கும் பணம்? 1941-இல், எழுபது வயதில், அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி கேட்டார்.

பெண்கள் சங்கங்களின் பணம் மட்டும் போதாதென்பது தெளிவாயிற்று. ஆண்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களும் தோள்கொடுக்கும். பெண்களுக்கென்றே காசு சேர்த்த பழைய தோழியர் சிலரோ இதனை நம்பிக்கைத் துரோகமாகவே கருதினர். அவர்கள் மனம் நொந்ததில் வியப்பில்லை. திண்டிவனத்து இரவு எதற்காக நினைக்கப்பட்டது? எனினும் பெண்களுக்கு மட்டும் என்று நின்று, பள்ளியை மூடியிருந்தால் பெண்களும் படித்திருக்க மாட்டார்கள். அம்மையார் சேர்ந்து நடத்தவே இசைந்தார். என் கருத்தில் அவர் வாழ்வின் கடினமான முடிவு இதுவே. மருத்துவமனை கட்டியது இதைவிட எளிது.

1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர் நுழைந்தனர். காலப்போக்கில் ஏறத்தாழ 40 மிஷன்கள் ஆதரவு தந்தன. அம்மையார் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே 24 அன்று மறைந்தார்.