மரங்களின் பெயர்களைக் காத்தவர்

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சுற்றுலா செல்லும் நாம் அரச பனை வீதியில் படம் எடுப்போம். இரட்டைத் தேங்காய் மரத்தை அண்ணாந்து பார்ப்போம். 1821இல் மகாவலியின் வளைவில் தொடங்கப்பட்ட அந்த 147 ஏக்கர் பூங்காவுக்காகத் தன் வாழ்நாளையே கொடுத்த ஹென்றி டிரைமனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1843இல் இலண்டனில் பிறந்த டிரைமன், மருத்துவம் கற்று 1865இல் பட்டம் பெற்றார். ஆனால் அவர் மனம் நோயாளிகளைவிடச் செடிகளையே நாடியது. 1869இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் சேர்ந்தார். பின்னர் பென்ட்லி என்பவருடன் இணைந்து மூலிகைகள் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதினார்.

1880இல் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இலங்கைக்கு வந்தார். கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த காலம் அது. மாற்றுப் பயிர் எதுவெனத் தோட்டக்காரர்கள் பூங்காவையே கேட்டனர். அவர் காலத்தில் அநுராதபுரத்திலும் பதுளையிலும் கிளைப் பூங்காக்கள் உருவாகின.

அவரது பெரும் பணி இலங்கைத் தாவரங்கள் பற்றிய கைநூலாகும். ஒவ்வொரு செடியின் அமைப்பையும் அது வளரும் இடத்தையும் அதில் எழுதினார். டி அல்விஸ் குடும்பத்து உள்நாட்டு ஓவியர்கள் வரைந்த வண்ணப்படங்கள் அதற்கு அழகூட்டின. என்னைக் கவர்ந்தது வேறொன்று. இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அவர் சேர்த்துப் பதிந்தார். காட்டுக்குள் வாழ்ந்த எழுத்தறியாத மனிதரின் சொல்லும் அறிவியல் நூலில் ஏறியது.

இடையில் அவருக்குக் காது கேளாமற்போனது. பின்னர் கால்களும் செயலிழந்தன. ஆனாலும் இலண்டனுக்குத் திரும்பி ஓய்வெடுக்காமல் பேராதனையிலேயே இருந்து எழுதினார். 1893 முதல் 1895 வரை மூன்று பாகங்கள் வெளிவந்தன. 1896 ஒக்டோபரில், 53 வயது நிறையுமுன்னே, அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். எஞ்சிய இரண்டு பாகங்களையும் ஜோசப் ஹூக்கர் என்ற முதிய தாவரவியலாளர் 1900இல் முடித்துவைத்தார்.

எங்கள் அன்புவழிபுரத்துப் பக்கம் பாலைப்பழமும் வீரைப்பழமும் விற்பனைக்கு வரும். உம்மம்மாவோ முதிரை, கருங்காலி என்று மரத்தைப் பார்த்ததுமே பெயர் சொல்வார். என் வயதினரில் பலருக்குப் பழம் தெரியும், மரம் தெரியாது. ஒரு தலைமுறை சொல்ல மறந்தால் அந்தப் பெயர் அதோடு போய்விடும். ஹல்மில்ல மரத்துக்கு ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் என்றே பெயருண்டு. நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த மரத்தையாவது நாம் அடையாளம் காண வேண்டாமா?

அன்புத் தோழியரே, அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் அமருங்கள். அவர்கள் சொல்லும் மரங்களின் பெயர்களை எழுதிவையுங்கள். நடக்கவும் கேட்கவும் இயலாத நிலையிலும் ஒருவர் நம் மண்ணின் மரங்களுக்காக எழுதினார். நமக்குக் காதும் உண்டு, காலும் உண்டு.