எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (சனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். இரத்த அணுக்களின் உருவாக்கத்திற்குத் தேவையான போலிக் அமிலத்தையும், அதன் செயலைத் தடுத்து இரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகளையும் உருவாக்கிய ஆய்வுக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றார். மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடையில் அறுவை வகுப்பிற்குச் சென்றது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்குக் காரணமாயிற்று. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவருடைய சகோதரர் ஒருவர் ஸ்ப்ரூ நோயால் இறந்தார். சிறுகுடல் உணவின் சத்துகளை உறிஞ்ச இயலாமற்போய், கடும் இரத்தச்சோகையை உண்டாக்கும் நோய் இது. சுப்பாராவையும் இந்நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார்.

ஆர்வர்டில்

1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை செய்துகொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். சைரஸ் பிஸ்குடன் இணைந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகள் இயங்க ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றை இருவரும் கண்டறிந்தனர். 1930இல் முனைவர் பட்டம் பெற்றபோதிலும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை.

போலிக் அமிலமும் இரத்தப் புற்றுநோயும்

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்கள் பிரிந்து இரத்த அணுக்களைத் தருகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டி.என்.ஏ. புதிதாக உருவாக வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் மச்சையில் அணுக்கள் முதிராமல் நின்றுவிடுகின்றன. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தச்சோகைக்கு இதுவே முதன்மைக் காரணம். 1945இல் சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தம் குடும்பத்தில் உயிர்ப்பலி கொண்ட நோய்க்கே இதன்மூலம் மருந்து கிடைத்தது.

போலிக் அமிலம் இரத்தப் புற்றணுக்களின் பெருக்கத்திற்கும் உதவுவதாகப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் கருதினார். போலிக் அமிலத்தைப் போன்ற அமைப்புடையதாயினும் அதன் வேலையைச் செய்யாத அமினோப்டெரின் என்னும் சேர்மத்தை லெடர்லி குழு அளித்தது. 1948இல் பார்பர் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டது. அதுவரை இந்நோய்க்கு மருந்தே இல்லை.

இவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் பயன்படுகிறது. பிறரிடமிருந்து பெற்ற குருத்தணுக்களை மாற்றிப் பொருத்தும்போது, அவற்றுடன் சேர்ந்து வரும் எதிர்ப்பணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவதுண்டு. இதைத் தடுக்கவும் மெத்தோட்ரெக்சேட் தரப்படுகிறது. இத்தாக்குதலை ஸ்டீராய்டு மருந்துகளால் அடக்க முடியாத குழந்தைகளுக்கு மீசென்கைமல் குருத்தணு மருந்தொன்றை அமெரிக்க அரசு 2024இல் ஏற்றது.

பிற பணிகள்

யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசின் மருந்தும் 1947இல் இவரது ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை இதுவே.

மறைவு

நாடு திரும்பாமலும், அமெரிக்கக் குடியுரிமை பெறாமலும், 53ஆம் அகவையில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார். இந்திய அரசு 1995இல் இவரது நூற்றாண்டையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் என்று இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.