புயலின் காலடித் தடம் கண்ட பேராசிரியர்

வங்காளத்திற்குப் படிக்க வரும் நம்மவருக்கு முதலாண்டிலேயே இரண்டு பாடங்கள் கிடைத்துவிடுகின்றன. ஒன்று கடுகெண்ணெய். மற்றொன்று, சித்திரை பிறந்ததும் மாலை வேளைகளில் வடமேற்கே கறுத்துத் திரண்டு வந்து, சற்று நேரத்தில் மரங்களை முறித்துப் போட்டுவிட்டு மறையும் கால்பைசாகிப் புயல். முன்னதற்கு நாக்கு எப்படியோ பழகிவிடுகிறது. பின்னதைப் பற்றி நூலகத்தில் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான் டெட்சுயா புஜிதா என்னும் பேராசிரியரின் வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று.

புஜிதா 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் ஜப்பானின் கியூஷூ தீவில் பிறந்தார். இயந்திரப் பொறியியல் கற்று, தாம் பயின்ற மெய்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். அதற்குச் சில மைல் தொலைவில் கோகுரா நகரம். அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரண்டாவது அணுகுண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானம் முதலில் குறிவைத்தது இந்தக் கோகுராவைத்தான். மேகமும் புகையும் ஊரை மூடியிருந்தமையால், மும்முறை முயன்றும் குறி புலப்படாமல் அது நாகசாகிக்குத் திரும்பியது. பின்னாளில் மேகத்தை ஆராயப் போகிறவரை மேகமே காத்தது என்று கவிஞர் எவரேனும் பாடியிருந்தால் மிகை என்றிருப்போம்!

சில வாரங்கள் கழித்து அவர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்றார். விழுந்தவை எத்திசையில் விழுந்தன, கருகியவை எப்பக்கம் கருகின என்று குறித்துக்கொண்டார். குண்டு வெடித்த இடத்திற்கு நேர் கீழே மரங்கள் நின்றபடியே இருந்தன. சுற்றிலும் இருந்தவையோ நட்சத்திரத்தின் கதிர்களைப் போல வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. அந்தக் கோலம் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை.

போர் முடிந்த ஜப்பானில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு எங்கே போவது? 1947-இல் செபுரி மலை மேலிருந்த வானிலை நிலையத்தின் எளிய கருவிகளைக் கொண்டே ஓர் இடிமழையை ஆராய்ந்தார். இடிமேகத்தில் காற்று மேலேறுவது மட்டுமல்லாமல் வலிமையாகக் கீழே இறங்குவதும் உண்டு என்று கண்டார். அம்மலையில் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்தின் குப்பையிலிருந்து ஓர் அறிக்கை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. சிகாகோ பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஹோரஸ் பையர்ஸ் எழுதியது அது. விமானங்களையும் ரேடார்களையும் கொண்டு பெரும் பொருட்செலவில் பையர்ஸ் கண்ட முடிவும், தாம் மலைமேல் கண்டதும் ஒன்றாக இருக்கவே, தம் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி அவருக்கு அனுப்பினார். பையர்ஸ் பெருந்தன்மை உடையவர், சிகாகோவுக்கே அழைத்துக்கொண்டார். 1953-இல் டோக்கியோ பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டத்தோடு புஜிதா அங்குப் போய்ச் சேர்ந்தார். அதன்பின் ஆயுள் முழுவதும் அதுவே அவர் இல்லம்.

டொர்னேடோ என்னும் சுழற்காற்று தரையில் சில நிமிடங்களே நிற்கும். அதைக் காத்திருந்து அளப்பது அரிது. ஆகவே புஜிதா துப்பறிபவரைப் போல வேலை செய்தார். 1953 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து ரேடார் ஒன்றின் திரையில், டொர்னேடோவை ஈன்ற மேகம் தூண்டில் முள்ளைப் போல வளைந்து தெரிந்திருந்தது. அந்தப் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவ்வளைவின் பொருளை விளக்கினார். 1957-இல் பார்கோ நகரைச் சுழற்காற்று தாக்கியபோது, ஊர் மக்கள் எடுத்த புகைப்படங்களை நூற்றுக்கு மேல் திரட்டி, ஒவ்வொன்றும் எங்கிருந்து, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கணித்துக் கோத்தார். 1971-இல், வீடும் மரமும் அடைந்த சேதத்தைக் கொண்டே காற்றின் வேகத்தை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார். அதன் மேல்படிகளில் வேகம் மிகைப்பட்டிருக்கிறது என்று பொறியாளர்கள் பின்னர்க் குறை கூறினர். அக்குறை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

1974 ஏப்ரல் 3, 4 ஆகிய நாட்களில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் வீசி, முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புஜிதா சிறு விமானத்தில் பறந்து தடங்களைப் பார்த்து வந்தார். மேற்கு வர்ஜீனியாவின் காட்டு மேல் பறந்தபோது திகைத்தார். அங்கு மரங்கள் சுழலாக விழவில்லை; நட்சத்திரக் கதிர்களாக விழுந்து கிடந்தன. நாகசாகியில் கண்ட அதே கோலம்!

மறு ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கவிருந்த விமானமொன்று ஓடுபாதைக்கு முன்பே வீழ்ந்து 113 பேர் இறந்தனர். அதற்குச் சற்று முன் இறங்கிய விமானங்களுள் சில தடுமாறின. சிலவோ யாதொரு தொல்லையுமின்றி இறங்கின. பதிவுகளை ஆராய்ந்த புஜிதா, மேகத்திலிருந்து குறுகிய பரப்பில் விசையோடு இறங்கித் தரையில் மோதிச் சிதறும் காற்றே காரணம் என்றார். அத்தகைய காற்றுள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைக்கும், விமானம் உயரும். விமானி விசையைக் குறைப்பார். அடுத்த சில நொடிகளில் காற்று கீழே அழுத்தும், பிறகு பின்னாலிருந்து தள்ளும். சிறகுகளின் தாங்கும் ஆற்றல் குன்றும். தரையோ அருகில்.

மைக்ரோபர்ஸ்ட் என்று அவர் பெயரிட்ட இதனைத் துறையறிஞர் பலர் ஏற்கவில்லை. இடிமேகத்துக் கீழ்க்காற்று பழைய செய்தி, புதுப்பெயர் எதற்கு என்றனர். தரையை நெருங்குமுன் அது வலிமை இழந்துவிடும் என்றனர். புஜிதாவும் எளிதில் இணங்குபவர் அல்லர். தம் முடிவுகள் பலவற்றை மற்ற அறிஞர் சரிபார்க்கும் ஏடுகளுக்கு அனுப்பாமல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அது அவருக்கு உதவவில்லை என்றே கருதுகிறேன்.

வழக்கைத் தீர்த்தது டாப்ளர் ரேடார். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒருவிதமாகவும் விலகிச் செல்லும்போது வேறுவிதமாகவும் கேட்கிறதல்லவா? அதே முறையில், மழைத்துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று இது காட்டும். 1978-இல் சிகாகோ அருகே இத்தகைய ரேடார்களை நிறுத்தி, ரோஜர் வாக்கிமோட்டோ முதலிய மாணவர்களோடு அவர் காத்திருந்தார். ஆறு வாரங்களில் 50 மைக்ரோபர்ஸ்டுகள் அகப்பட்டன! 1982-இல் டென்வரில் நடந்த ஆராய்ச்சியில் நூற்றுக்கு மேல் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், சுழற்காற்றுப் பேராசிரியர் என்று உலகமே அழைத்த அவர் தம் கண்ணால் ஒரு டொர்னேடோவை முதன்முதல் கண்டதும் அந்த 1982-இல்தான், வயது 61.

1985 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் இன்னொரு விமானம் இதே காற்றில் சிக்கி 137 பேர் இறந்தனர். அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. விமானிகளுக்குத் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1990-களில் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கு அருகே இதற்கென்றே டாப்ளர் ரேடார்கள் எழுந்தன. 1994 ஜூலையில் ஷார்லட் நகரில் 37 உயிர்களைக் கொண்ட விபத்துக்குப் பின் அந்நாட்டில் இத்தகைய விபத்து மிக அரிதாயிற்று. புஜிதா 1998 நவம்பர் 19-ஆம் நாள் சிகாகோவில் காலமானார். அவருடைய அளவுகோலைப் பொறியாளர்கள் 2007-இல் திருத்தியமைத்தனர். வேகங்களை மாற்றினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை.